மெக்கானிக் பதில்கள்: அடைப்பு ஜெட்டில், அழுக்கு டேங்கில்

ஜூன் 15 தாண்டிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே புகார்தான்: நிறுத்திவைத்த மொபெட் சரியாக ஓடவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடக்கிறது. மீன் ஏற்றுகிற மொபெட்டும் வீட்டோரத்தில் கிடக்கிறது. படகை இறக்குவதற்கு முன்னால் இஞ்சின் பார்க்கிறார்கள், பலகை பார்க்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். மொபெட்டை மட்டும் அப்படியே எடுத்து மிதிக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்கக் கார்புரேட்டர்தான், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம். பிரேக், ஹெட்லைட் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் மொபெட் இருக்கிறது. தடைக்காலத்தில் எடுக்கவே இல்லை. இப்போது சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை விட்டால் நின்றுவிடுகிறது. பாதிச் சோக்கிலேயே ராமேசுவரம் போய் மீன் எடுத்து வருகிறேன். பாம்பன் பாலம் ஏறும்போது இழுக்கவில்லை. கார்புரேட்டரை நானே கழற்றிக் கழுவலாமா?
– மீன் வியாபாரி, மண்டபம்

பதில்: தாராளமாகக் கழுவலாம், அண்ணே. ஆனால் பாதிச் சோக்கில் ஓட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். சோக் போட்டால் காற்று குறைகிறது, உறிஞ்சல் கூடுகிறது, அடைபட்ட ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகு) வழியாகவும் கொஞ்சம் பெட்ரோல் வந்துவிடுகிறது. மெதுவாகப் போகிறவரை அது சமாளிக்கும். பாலத்தில் எதிர்காற்றில், பெட்டி நிறைய ஐசும் மீனுமாக ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கும்போது சமாளிக்காது. உங்கள் வண்டி டூ-ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கென்று தனி ஆயில் அதில் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிறீர்களே, அந்த டூ-டி ஆயில்தான் எல்லாம். ஜெட் அடைத்தால் பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் குறைகிறது. சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொண்டால், அரை மணி நேரக் கழுவல் வேலை சிலிண்டர் போரிங் வேலையாக மாறிவிடும்.

இரண்டு மாதத்தில் உள்ளே என்ன நடந்தது என்றால், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நின்ற பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விட்டது. ஆயிலும் பிசினும் மிச்சம். பலகாரம் சுட்ட சட்டியைக் கழுவாமல் விட்டால் அடியில் பிடிக்குமே, அதே பழுப்புப் பிசின். ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்க அதிகம் வேண்டியதில்லை.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் ஒரு சோதனை. கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் டியூபைப் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறங்கள். தாராளமாக ஒழுகினால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஒழுக்கு கூடினால் குற்றவாளி கார்புரேட்டர் இல்லை. மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை. நம் ஊர்க் காற்றில் உப்பும் மணலும் சேர்ந்து அதை அடைப்பது சர்வ சாதாரணம். மூடியைத் திறந்தும் கூடவில்லை என்றால் டேப்புக்கு உள்ளே இருக்கும் வலையைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் நல்ல கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெட்ரோல் நன்றாக வருகிறதா? அப்படியானால் டேப்பை மூடிவிட்டுக் கழற்றலாம். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறந்தவெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் பீடி பிடிக்கிறவர் இருக்கக் கூடாது. கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகினால் ஆக்சிலேட்டர் வயரோடு ஸ்பிரிங், ஸ்லைடு, நீடில் மூன்றும் மேலே வரும். வயரிலிருந்து பிரிக்காமல் ஒரு துணியில் சுற்றித் தொங்கவிடுங்கள். நீடிலில் லாக் எந்தக் காடியில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். அதை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும் என்று மேலே சொன்னது அங்கேயும் பொருந்தும்.

அடிக்கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் உப்பில் இறுகியிருக்கும். எடுத்ததும் முறுக்கினால் தலை வழுக்கிவிடும். ஒரு சொட்டு ஆயில் விட்டு, ஸ்க்ரூ டிரைவரை அதன் மேல் நிறுத்தி மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். டீ குடித்துவிட்டு வந்து திருகினால் வந்துவிடும். கிண்ணத்தைக் கவிழ்க்காமல் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். வண்டியின் நோய் அந்தத் தட்டில் தெரியும். பழுப்புப் பிசின் என்றால் நின்ற பெட்ரோல். செந்தூள் என்றால் டேங்கில் துரு. அடியில் தனியாக உருண்டு ஓடும் துளிகள் என்றால் தண்ணீர். வெள்ளைப் பொடி என்றால் கார்புரேட்டர் உடம்பே அரிக்க ஆரம்பித்திருக்கிறது.

அப்புறம் ஃப்ளோட்டின் (மிதவையின்) ஊசியைத் தள்ளி எடுத்து ஃப்ளோட்டையும் அதோடு இருக்கும் வால்வு முள்ளையும் பத்திரமாக வையுங்கள். மெயின் ஜெட் பித்தளை, மென்மையானது. அதன் வெட்டில் இறுக்கமாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் போடுங்கள். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவிட்டு, துளையில் நைலான் தூண்டில் நரம்பைச் செலுத்துங்கள். உங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? இருப்பதிலேயே மெல்லிய நரம்பாக எடுத்து, நுனியைச் சாய்வாக வெட்டினால் உள்ளே போகும். ஊக்கு, ஊசி, ஸ்டீல் கம்பி எதுவும் வேண்டாம். இரும்பு பித்தளையைக் கீறித் துளையைப் பெரிதாக்கும். அதன் பிறகு வண்டி பெட்ரோல் குடிக்கும், பிளக் கறுக்கும், அந்த ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எத்தனையோ வண்டிகளில் அடைப்பு எடுத்தவர் செய்த சேதம், அடைப்பு செய்த சேதத்தைவிடப் பெரிது.

கார்புரேட்டர் உடம்பில் இருக்கும் துளைகளுக்குக் காற்று அடிக்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசர் போதும். ஃப்ளோட், முள், ஜெட் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும். கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் காற்று ஸ்க்ரூ இருந்தால், கழற்றுமுன் அதை உள்பக்கம் லேசாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று சுவரில் கரியால் எழுதிவிடுங்கள். திரும்பப் போடும்போது அதே சுற்று வெளியே எடுத்தால் போதும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. ஸ்லைடில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். அதில் இருக்கும் நீளக் காடியும் உள்ளே இருக்கும் முனையில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள். முறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் 'டக்'கென்று விழ வேண்டும். இன்னொன்று, கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட்டோ ரிங்கோ கிழிந்திருந்தால் அங்கே காற்று உள்ளே போகும். அப்போது ஜெட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சோக் இல்லாமல் வண்டி ஓடாது.

அடுத்த தடைக்காலத்துக்கு ஒன்று சொல்கிறேன். வண்டியை நிறுத்தும் அன்று டேப்பை மூடிவிட்டு, இஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும். பிசின் பிடிக்க அங்கே எதுவும் இருக்காது.

கேள்வி: கார்புரேட்டரைப் புளித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் புதிது போல ஆகும் என்கிறார் மாமா. செய்யலாமா?
– கல்லூரி மாணவர், தொண்டி

பதில்: மாமா குத்துவிளக்கை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார், தம்பி. பித்தளைக்குப் புளி சரி. கார்புரேட்டரில் ஜெட் மாதிரி சின்னச் சாமான்கள்தான் பித்தளை. உடம்பு துத்தநாகக் கலவை. புளி, எலுமிச்சை, வினிகர் என எந்தப் புளிப்பும் துத்தநாகத்தை அரிக்கும். முதல் நாள் பளபளக்கும், அப்புறம் சொரசொரப்பாகி வெள்ளை பூக்கும். ஸ்லைடு வழுக்கி இறங்க வேண்டிய குழாய் சொரசொரத்தால் ஆக்சிலேட்டர் மாட்டிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. உப்புத்தாளும் போடாதீர்கள். பழைய பல் பிரஷ், பெட்ரோல், பொறுமை. வெளிப்பக்க அழுக்குக்கு மண்ணெண்ணெய் பரவாயில்லை. உள்ளே போனால் கடைசியில் பெட்ரோலில் அலசிவிடுங்கள், மண்ணெண்ணெய் லேசில் காயாது.

கேள்வி: வாப்பாவின் டி.வி.எஸ். 50 பல வருடமாகக் கொல்லையில் நிற்கிறது. நான் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறேன். கார்புரேட்டரைக் கழுவி, புது பெட்ரோல் ஊற்றினேன். ஒரு தெரு தாண்டுவதற்குள் நின்றது. மறுபடி கழுவினேன், மறுபடி நின்றது. கார்புரேட்டரை மாற்றிவிடட்டுமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: மாற்ற வேண்டாம், காக்கா. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டாலும் அடுத்த தெருவில் அதுவும் நிற்கும். நீங்கள் கழுவுவது கடைசி வாசலை. அழுக்கு வருவது டேங்கிலிருந்து. வருடக்கணக்கில் பாதி காலியாக நின்ற இரும்பு டேங்கில், கடற்காற்றின் ஈரம் ராத்திரி ராத்திரி உள்சுவரில் வேர்த்திருக்கும். அந்தத் துருத்தூள் டேப்பின் வலையைத் தாண்டி ஜெட்டுக்கு வருகிறது.

டேங்கைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, ஒரு கை நட்டு போல்ட்டும் கொஞ்சம் டீசலும் போட்டுக் குலுக்குங்கள். போட்ட நட்டுகளை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். டீசல் தெளிவாக வரும்வரை மாற்றி, கடைசியில் பெட்ரோலில் அலசி வெயிலில் காயவையுங்கள். சுவரில் ஓட்டை தெரிந்தால் நீங்களே வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட மோசமாக வெடிக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாப்பா ஓட்டிய காலத்துப் பெட்ரோல் வேறு, இப்போது பங்கில் கிடைப்பது வேறு. இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்குமேல் தண்ணீர் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் போய் உட்காரும். டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டேப் எடுப்பது அடியிலிருந்து. அதாவது இஞ்சினுக்கு முதலில் போவது ஆயில் இல்லாத தண்ணீர்க் கலவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். சந்தேகமாக இருந்தால் டேப்பிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் ஆடாமல் வையுங்கள். நடுவில் கோடு விழுந்தால் அந்தப் பெட்ரோல் உதவாது.

பழைய ரப்பருக்கும் எத்தனால் ஒத்துக்கொள்ளாது. டியூபை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலும், காய்ந்து வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். வால்வு முள்ளின் நுனியில் ரப்பர் இருந்தால் அதையும் பாருங்கள். டியூபுக்கு நடுவே உள்ளே இருப்பது தெரிகிற சின்ன ஃபில்டர் ஒன்று போடலாம். பழைய மொபெட்டில் பெட்ரோல் தானாகத்தான் இறங்குகிறது, பம்ப் கிடையாது, அதனால் டியூபை மடிக்காமல், ஏற்றி இறக்காமல் போடுங்கள். ஆயில் அளவு வாப்பாவின் வண்டிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 2 சதவீதம், 40 மில்லி என்றால் 4 சதவீதம். கண்ணளவில் ஊற்றாதீர்கள், ஆயில் மூடி எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ராத்திரி வண்டியைத் திண்ணையில் நிறுத்தினால் காலையில் கீழே பெட்ரோல் சிந்தியிருக்கிறது. வீடெல்லாம் வாடை. அடுப்பு பற்றவைக்கவே பயமாக இருக்கிறது.
– கருவாட்டுக் கடை வைத்திருக்கும் சகோதரி, பாம்பன்

பதில்: பயப்படுவது நியாயம், அக்கா. இன்றைக்கு ராத்திரியிலிருந்து வண்டியை வெளியே நிறுத்துங்கள், நிறுத்தியதும் டேப்பை மூடுங்கள். மூடியும் சிந்தினால் டேப்பே போய்விட்டது, அதை மாற்ற வேண்டும். மூடினால் நிற்கிறது என்றால் கோளாறு கார்புரேட்டர் கிண்ணத்துக்குள். பெட்ரோல் நிறைந்ததும் ஃப்ளோட் மேலே எழும்பி, வால்வு முள்ளைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். முள்ளின் நுனியில் ஒரு மணல் பருக்கை இருந்தால் போதும், அடைக்காது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உங்கள் ஊரில் சோற்றிலேயே மணல் விழுகிறது. பெட்ரோல் ஊற்றும்போது டேங்கில் விழாதா? ஊற்றும்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்று, டேங்கின் வாயைத் துணியால் மறைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் போனால் மூன்று இடம் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளின் நுனியில் வளையமாகத் தேய்ந்த தடம் இருக்கிறதா? முள் உட்காரும் துளை சுத்தமா? ஃப்ளோட்டைக் காதருகில் வைத்துக் குலுக்கினால் உள்ளே சளசளக்கிறதா? சளசளத்தால் ஃப்ளோட் ஓட்டை, அது இனி எழும்பாது. ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுவது நல்லது. கிண்ணத்தைத் தட்டினால் ஒழுக்கு நின்றுவிடுகிறது என்று சிலர் சுத்தியலோடு திரிகிறார்கள். அது வீடு வந்து சேர மட்டும் உதவும்.

கேள்வி: உப்பளத்தில் வேலை. வண்டி தினமும் அங்கேதான் நிற்கிறது. கார்புரேட்டர் வெளியே வெள்ளை பூத்து, சோக் லிவர் அசைய மாட்டேன் என்கிறது. தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். பயனில்லை.
– ஒரு வாசகர், வாலிநோக்கம்

பதில்: எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லையே, அண்ணாச்சி. நம் பக்கம் பாதிக் கிணறு உவர். அதை அடித்துக் கழுவினால் உப்பின் மேல் உப்பு. நல்ல தண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் வண்டிக்குக் குடம் குடமாக ஊற்றச் சொல்ல எனக்கும் மனசு வராது. அரைச் சொம்பு நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கார்புரேட்டர், ஸ்க்ரூத் தலை, வயர் முனை எல்லாவற்றையும் துடைத்து, காய்ந்தபின் ஆயில் துணியால் ஒரு தடவை தடவிவிடுங்கள். வாரம் ஒரு முறை போதும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதானால் ஏர் ஃபில்டர் பக்கம் காட்டவே கூடாது.

லிவருக்கு ஆயில் விட்டு மெதுவாக ஆட்டுங்கள். பிடித்து இழுத்தால் உடைந்துவிடும். வெள்ளைப் பூவை பிரஷால் தேய்த்துப் பாருங்கள். அடியில் உடம்பு வழவழப்பாக இருந்தால் இன்னும் ஓடும். குழி குழியாக அரித்து, ஸ்க்ரூ மரையும் போயிருந்தால் வேறு கார்புரேட்டர்தான். விலை குறைவு என்று நகல் சாமானை வாங்கினால் அதில் எந்த ஜெட் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பழைய ஜெட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மீன் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீரில் இருப்பதும் உப்புதான். பெட்டியின் வடிகுழாயை இஞ்சின் மேல் சொட்டாதபடி பின்சக்கரத்துக்குப் பின்னால் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் புது எக்ஸ்.எல். 100-க்கும் ஆயில் கலக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: வேண்டாம், தங்கச்சி. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக், ஆயில் இஞ்சினுக்குள் தனியாக இருக்கிறது. 2020-ல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு அதில் கார்புரேட்டரே இல்லை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். அங்கே நரம்பு, பிரஷ் எதற்கும் வேலையில்லை.

கேள்வி: கழுவிய பெட்ரோலை மணலில் ஊற்றிவிடலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், ராமேசுவரம்

பதில்: தீவில் நல்ல தண்ணீர் கிடைப்பதே மணலுக்கு அடியில், அதுவும் மேலாக. அங்கே ஊற்றக் கூடாது. மூடியுள்ள தகர டப்பாவில் தெளியவிடுங்கள். மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டி அடுத்த கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம், அடியில் தங்கும் கசடை ஆயில் மாற்றும் பட்டறையில் கழிவு ஆயில் டின்னில் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் வைக்காதீர்கள். டூ-டி ஆயில் கலந்த பெட்ரோலின் நிறத்தைப் பார்த்துக் கலர் என்று பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பெரியவர்களுக்கும் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.